எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு: காந்தத் தூண்டலையும் உளசிகிச்சையையும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கத்து அண்ணன்

வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொன்னாலே எங்கள் வீடு எது என்று தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். என் தங்கைக்கு 23 வயது. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே அவளுடைய மனநிலை ஒரே நாளில் பலமுறை மாறும். நெருங்கியவர்கள் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம் அவளால் தாங்க முடியாத அளவுக்கு வரும். அந்த நேரத்தில் கடுஞ்சொற்களும், சற்று நேரம் கழித்து அழுகையும், சில சமயம் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் நடக்கும். வீட்டில் முதலில் இதைப் பிடிவாதம் என்றார்கள். பிறகு மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுக்கப்பட்டது. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு மனநல மருத்துவர் அவளிடம் நெடுநேரம் பேசிய பின்பு, இது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர், அதாவது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்றும், அதனுடன் மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றும் விளக்கினார்.

இப்போது அதே நகரில் ஒரு தனியார் மையத்தில் ஆர்டிஎம்எஸ் என்னும் காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களில் 30 சிட்டிங். அதே கட்டணத்தில் கவுன்சலிங்கும் உண்டு, இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும் என்கிறார்கள். இங்கிருந்து மதுரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும்.

அப்பச்சி (அப்பா) இதைக் கேட்டவுடன் "ஷாக் வைப்பதைத்தான் பெயர் மாற்றிச் சொல்கிறார்கள்" என்று மறுத்துவிட்டார். ஆத்தா (அம்மா) எதுவானாலும் செய்துவிடலாம் என்கிறார். அடுத்த ஆண்டு திருமணப் பேச்சு தொடங்குவதற்குள் சரியாகிவிட வேண்டும் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. தங்கையோ "நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

இது மின்னதிர்ச்சிதானா, இந்தக் கோளாறுக்கு இதனால் பயன் உண்டா, உளசிகிச்சையோடு சேர்த்துச் செய்வது தனித்தனியாகச் செய்வதைவிட மேலானதா என்ற மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: தேவகோட்டை மருத்துவர்

நான் மனநல மருத்துவன். தேவகோட்டை பூர்வீகம், வேறு மாவட்டத்தில் பணிபுரிகிறேன். உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை என்பதால் பொதுவாகத் தெரிந்ததை மட்டுமே சொல்ல முடியும்.

அப்பச்சியின் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மின்னதிர்ச்சி சிகிச்சை 1938இல் இத்தாலியில் செர்லெட்டி, பினி ஆகியோர் தொடங்கியது. மயக்க மருந்து கொடுத்து, மூளையில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குவதுதான் அதன் செயல்முறை. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. காந்தத் தூண்டல் வேறு வகை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் இதை முதலில் செய்து காட்டினார்கள். தலைமேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின்சாரம் மிக விரைவாக மாறும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. நோயாளி விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இங்கே வலிப்பு வரக் கூடாது என்பதே கவனம். அது மிக அரிதாக நேரக்கூடிய பக்கவிளைவு. வழக்கமாக வருவது தலைவலியும், சுருள் பட்ட இடத்தில் உறுத்தலும், முகத் தசைத் துடிப்பும். தலைக்குள் உலோகமோ, காதுக்குள் அறுவை செய்து பொருத்திய செவிக்கருவியோ இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும், வலிப்பு வாய்ப்பைக் கூட்டும் பியூப்ரோபியான் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்தாலும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை அவ்வளவு எளிதாக இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இதை அனுமதித்தது, மாத்திரைக்குப் பலனளிக்காத மனச்சோர்வுக்காக. 2018இல் எண்ண சுழற்சி நோய்க்கு (ஓசிடி) அனுமதி கிடைத்தது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்கு அப்படி அனுமதி எதுவும் இல்லை. இந்த நோயாளிகளின் மூளைப் படங்களில் அமிக்டலா என்னும் உணர்ச்சி மையம் மிகையாகக் கிளர்வதும், அதை அடக்கி நெறிப்படுத்த வேண்டிய முன்மூளைப் பகுதிகள் பின்தங்குவதும் பல ஆய்வுகளில் தென்பட்டிருப்பதால், முன்மூளையைத் தூண்டினால் உணர்ச்சியை ஆளும் திறன் கூடும் என்ற கருதுகோள் பிறந்தது. கருதுகோள் நியாயமானதே. ஆனால் சோதனைகள் சிறியவை. பெரும்பாலும் சில பத்து நோயாளிகள், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வேகம், ஒருவர் வலப்பக்கம், இன்னொருவர் இடப்பக்கம். 2018இல் மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் வலது முன்மூளைக்கு மெதுவான தூண்டலும் இடது முன்மூளைக்கு வேகமான தூண்டலும் ஒப்பிடப்பட்டன. இரு குழுவினரிடமும் அறிகுறிகள் குறைந்தன. இதை நல்ல செய்தியாகவே பலர் படித்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது: நேரெதிரான இரண்டு முறைகளும் பலன் தந்தால், அந்தப் பலனில் எவ்வளவு பங்கு காந்தத்துக்கு, எவ்வளவு பங்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் அக்கறையோடு கவனித்துக்கொண்டதற்கு?

மூன்றாவதாக, சேர்த்துச் செய்வது. தூண்டலுக்குப் பிறகு சிறிது நேரம் மூளையின் நரம்பிணைப்புகள் மாற்றத்துக்கு இசைவாக இருக்கும், அப்போது கற்றுக்கொள்வது ஆழப் பதியும் என்பதுதான் இதன் அடிப்படை எண்ணம். மனச்சோர்வில் நெதர்லாந்தில் 196 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. காந்தத் தூண்டலையும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினர் நோய் நீங்கும் நிலையை அடைந்தார்கள். எண்ணிக்கை கவர்ச்சியானது, ஆனால் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழுவே அதில் கிடையாது. அதே ஆண்டு அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய 103 வீரர்களிடம், அதிர்ச்சி நினைவுகளுக்கான உளசிகிச்சைக்குச் சற்று முன்பு தூண்டல் கொடுத்துப் பார்த்தபோது, போலித் தூண்டல் (ஒப்பிடுவதற்காகத் தூண்டுவதுபோல் பாவனை மட்டும் செய்வது) பெற்றவர்களைவிட உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். இத்தோடு நிறுத்தினால் மையத்தார் சொல்வது சரி என்றே தோன்றும். ஆனால் 2021இல் அதே அதிர்ச்சி நினைவு நோய்க்கு, அந்த நினைவைச் சுருக்கமாக எழுப்பிவிட்டு, காந்தம் இன்னும் ஆழமாக எட்டும் ஆழ்நிலைத் தூண்டல் கொடுத்த பன்மைய ஆய்வில், போலித் தூண்டல் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள். 2022இல் ஜெர்மனியில் மனச்சோர்வுள்ள 148 பேரிடம் குழு உளசிகிச்சையுடன், காந்தத்துக்குப் பதிலாக மெல்லிய நேர்மின்னோட்டத் தூண்டலைச் சேர்த்தபோது, சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டும் சேர்ந்தால் கூடலாம், கூடாமலும் போகலாம், சேர்க்கும் விதம் தவறினால் குறையவும் கூடும். இந்த நான்கு ஆய்வுகளில் ஒன்றுகூட உங்கள் தங்கைக்கு இருக்கும் கோளாறைப் பற்றியது இல்லை. "இரட்டிப்பு" என்ற சொல்லை அந்த மையம் எங்கிருந்து எடுத்தது என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் கோளாறுக்கு உறுதியான சான்றுள்ள சிகிச்சை உளசிகிச்சைதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (இயங்கியல் நடத்தை சிகிச்சை) என்ற முறையின் முதல் சோதனை 1991இல் வெளிவந்தது. பேட்மேன், ஃபோனகி இருவரும் வளர்த்த மனப்புரிதல் வழி சிகிச்சை, யங்கின் ஸ்கீமா சிகிச்சை, கெர்ன்பெர்க்கின் முறை ஆகியவையும் உண்டு. எல்லாமே ஓராண்டோ அதற்கு மேலோ நீள்பவை. மருந்தைப் பொறுத்தவரை, இந்தக் கோளாறுக்கென்று மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009லேயே சொல்லிவிட்டது. பின்னர் 276 பேரிடம் லாமோட்ரிஜின் என்ற மருந்தைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்விலும் போலி மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கு மருந்தோ தூண்டலோ தருவது வேறு விஷயம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜான் குண்டர்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் காட்டியது இது: ஆளுமைக் கோளாறு தணிந்தால் அதைத் தொடர்ந்து மனச்சோர்வும் பெரும்பாலும் தணிகிறது, ஆனால் மனச்சோர்வு தணிந்ததால் ஆளுமைக் கோளாறு தணிவதில்லை. மையத்தார் தூண்டலை முதன்மையாகவும் கவுன்சலிங்கை இணைப்பாகவும் விற்கிறார்கள். இந்த நோயில் வரிசை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்.

ஆத்தாவின் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேரி ஸனரினி அமெரிக்காவில் 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நீடித்த தணிவு கிடைத்திருந்தது. அறிகுறிகள் தணிந்ததோடு வேலையும் உறவும் நிலைப்பட்டவர்கள் பாதிப் பேர். நம்பிக்கை தரும் எண்கள்தாம், ஆனால் அவை ஆண்டுகளில் அளக்கப்பட்டவை. ஆறு வாரக் கெடுவை இந்த நோய் ஏற்காது. கடைசியாக, 23 வயதானவரின் ஒப்புதல் வீட்டாரின் முடிவால் ஈடுசெய்யப்படுவதில்லை. "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்பதை ஒப்புதலாக எந்த மருத்துவரும் ஏற்கக் கூடாது.


பதில்: திருச்சி உளவியலாளர்

மருத்துவர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் மருத்துவ உளவியலாளர், டிபிடி வகுப்புகள் நடத்துகிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

டிபிடியில் ஒவ்வொரு வாரமும் தனிச்சந்திப்பு, தனியாக ஒரு திறன் பயிற்சி வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டம் என்று நான்கு அங்கங்கள். வகுப்பில் கற்பிப்பவை விழிப்புணர்வு, துயரைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவாடும் திறன். நோயாளி தினமும் ஒரு குறிப்பு அட்டையை நிரப்ப வேண்டும். காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்த நாளில், காலையிலிருந்து என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், உடம்பில் என்ன உணர்ந்தோம், எந்தக் கணத்தில் கைமீறியது என்று கண்ணி கண்ணியாகப் பிரித்து எழுத வேண்டும். இது உழைப்பு. மனச்சோர்வு கடுமையாக இருப்பவர் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடு என்னும்போது இந்த உழைப்பைத் தொடங்கவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தூண்டல் மனச்சோர்வை ஓரளவு தூக்கிவிட்டால், அதன் பிறகு வகுப்பில் உட்கார முடிகிறது. குண்டர்சன் காட்டியதற்கு இது முரணில்லை. மனச்சோர்வு தணிந்தால் கோளாறு தானாகத் தணியாது என்பது உண்மை, ஆனால் கோளாறுக்கான சிகிச்சைக்குள் நுழைய அது வழிவிடக்கூடும். எனவே உங்கள் தங்கையின் மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை அறியாமல் தூண்டலை ஒதுக்கிவிட நான் விரும்பமாட்டேன்.

ஆனால் "சேர்த்து" என்ற சொல்லுக்கு மையத்தார் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதை விசாரியுங்கள். ஒரே ரசீதில் இரண்டு சேவைகளை எழுதுவது ஒருங்கிணைப்பு ஆகாது. எண்ண சுழற்சி நோய்க்கு அனுமதி பெற்ற ஆழ்நிலைத் தூண்டலில், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்பு அந்த நோயாளியின் அச்சத்தைச் சிறிது தூண்டிவிட்டு, அந்த மூளைச்சுற்று விழித்திருக்கும்போது காந்தத்தைச் செலுத்துகிறார்கள். 99 பேரிடம் செய்த அந்த ஆய்வில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினரும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினரும் தேறினார்கள். தூண்டல் நடக்கும்போது மனம் என்ன நிலையில் இருக்கிறது என்பது பொருட்படுத்த வேண்டியது என்பதற்கு இது சான்று. அதைப் பார்த்து எல்லைக்கோட்டுக் கோளாறிலும், கைவிடப்படும் அச்சத்தையோ பழைய சண்டையையோ கிளறிவிட்டுத் தூண்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலைகுலைந்தவரை அந்த நிலையிலேயே பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவதில் முடியும். சிட்டிங் முடிந்த அரை மணி நேரத்துக்குள் துயரைத் தாங்கும் பயிற்சி ஒன்றைச் செய்வது தீங்கற்ற வழி, நான் விரும்புவதும் அதுவே.

இன்னொன்றை எல்லோரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அதே நாற்காலி, அதே செவிலியர், "இன்று எப்படி இருக்கிறீர்கள்" என்ற அதே கேள்வி. கைவிடப்படுவதையே உயிரச்சமாகக் கொண்ட ஒருவருக்கு அது பெரிய பிடிமானமாக ஆகிவிடும். முப்பதாம் நாள் அந்தப் பிடிமானம் சட்டென்று அறுந்து போகிறது. தேறியிருந்தவர் அடுத்த வாரமே சரிந்ததைப் பார்த்துவிட்டு "தூண்டல் பலிக்கவில்லை" என்று குடும்பம் முடிவுகட்டும். பலிக்காமல் போனது சிகிச்சையை முடித்த விதமாகவும் இருக்கலாம். தூண்டல் தொடங்கும் முன்பே, முடிந்த பிறகு ஓராண்டுக்குத் தொடரப்போகும் உளசிகிச்சையாளர் யார் என்பது உறுதியாகியிருக்க வேண்டும். அவர் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.


பதில்: கண்டனூர் மாமா

இடையில் ஓர் ஐயம். இணையத்தில் தலையில் மாட்டிக்கொள்ளும் மின்தூண்டல் கருவிகள் விற்கிறார்கள். இரண்டு பஞ்சு மின்முனைகளும் ஒரு சிறு பெட்டியும்தான். என் அக்காள் மகன் பொறியியல் படிக்கிறான், தானே செய்து தருகிறேன் என்கிறான். காரைக்குடியிலேயே மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும்போது இதற்காக மதுரைக்குப் போக வேண்டுமா?


பதில்: தேவகோட்டை மருத்துவர்

வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வது டிடிசிஎஸ் எனப்படும் நேர்மின்னோட்டத் தூண்டல். ஆய்வுகளில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லியாம்பியர், சுமார் 20 நிமிடம் கொடுக்கிறார்கள். அது நரம்புகளை நேரடியாக இயக்குவதில்லை, அவை கிளர்வதற்கான வரம்பை மட்டும் சற்றே மாற்றுகிறது. பஞ்சு காய்ந்து போனாலோ மின்முனை சரியாகப் படியாவிட்டாலோ தோல் வெந்துவிடும். மின்முனையை இடம் மாற்றி வைத்தால் எதிர்பார்த்ததற்கு மாறான விளைவும் வரலாம். இந்தக் கோளாறில் டிடிசிஎஸ் ஆய்வுகளும் சிறியவையே. மருமகனுடைய ஆர்வத்தைத் தேர்வுக்குத் திருப்பிவிடுங்கள்.


பதில்: இரண்டையும் செய்துகொண்டவள்

அண்ணன், உங்கள் கேள்வியைப் பலமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கும் இதே நோய்ப்பெயர்தான். சொந்த ஊர் பள்ளத்தூர்ப் பக்கம், இப்போது சென்னையில் வேலை. காந்தத் தூண்டலும் செய்துகொண்டேன், டிபிடியும் முடித்திருக்கிறேன். முதலில் தூண்டல், நெடுநாள் கழித்து டிபிடி, இரண்டும் சேர்ந்து இல்லை.

தூண்டல் வலித்தது என்று சொல்ல முடியாது. நெற்றியோரத்தில் மரங்கொத்தி கொத்துவதுபோல் இருக்கும், சில நாள்களில் பழகிவிடும். மூன்றாம் வாரவாக்கில் காலையில் எழுவது எளிதாயிற்று, பசித்தது, குளிக்கத் தோன்றியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த நிலையில் அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் தோழி ஒரு மாலை முழுதும் தொலைபேசியை எடுக்காதபோது எனக்குள் எழும் அந்தப் பதற்றமும், அவளை வெட்டிவிட வேண்டும் என்ற வெறியும் துளிகூட மாறவில்லை. எழுந்து நடமாடும் தெம்பு வந்ததால் சண்டை போடவும் தெம்பு வந்தது என்று என் ஆயா சொன்னார், அதில் உண்மை உண்டு.

அதை மாற்றியது வகுப்புகள்தாம். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்துவது, மூச்சை நீட்டி விடுவது போன்ற பயிற்சிகளைக் கற்றபோது, இதற்கா இவ்வளவு பணம் என்று சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை எனக்குக் கொடுத்தது ஒரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் கிடைத்தால் நான் அனுப்பாத செய்திகள் ஏராளம். தூண்டல் எனக்கு அந்த இடைவெளியைத் தரவில்லை. ஆனால் தூண்டல் இல்லாமல் போயிருந்தால் வகுப்பு வரைக்கும் போயிருப்பேனா என்றும் எனக்கு ஐயமே. திருச்சி உளவியலாளர் சொன்னதை என் அனுபவமும் ஒத்துக்கொள்கிறது.

வீட்டாருக்கு ஒன்று. எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) நடக்கும், யார் வந்தாலும் காதில் விழும். நான் அழுத நாளையும் காயம்பட்ட நாளையும் பங்காளி வீடு வரைக்கும் எல்லோரும் அறிவார்கள். "இவள் இப்படித்தான்" என்ற பேச்சு என் காதிலும் விழும். என் சிகிச்சையாளர் ஆத்தாவையும் அண்ணனையும் அழைத்து, நான் கொந்தளிக்கும்போது சரி தவறு பேசாமல் "உனக்கு இப்போது தாங்க முடியவில்லை என்று தெரிகிறது" என்று மட்டும் சொல்லப் பழக்கினார். ஆத்தாவுக்கு அது வர வெகுநாள் ஆயிற்று. 30 சிட்டிங்கில் உங்கள் ஆத்தாவுக்கு யாரும் எதுவும் கற்றுத்தரப் போவதில்லை.

தங்கை "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றதற்கு விருப்பமில்லை என்று பொருளாக இருக்கலாம், அவள் என்ன சொன்னாலும் வீடு முன்பே முடிவு செய்துவிட்டது என்றும் பொருளாக இருக்கலாம். ஆத்தாவையும் அப்பச்சியையும் விட்டுவிட்டு, நீங்கள் தனியாக அவளிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தாங்க முடியாத இரவு வந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், மாநிலத்தின் 104ஐயும் அழைக்கலாம். எண்ணை அவளுடைய தொலைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, பணத்தைப் பற்றி மட்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்குக் காப்பீடு தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. இதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நம் பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருந்த செலவைத்தான் தரும். காலையில் போய் மாலையில் திரும்பும் சிட்டிங்குகள் புறநோயாளிக் கணக்கில் போய்விடும். பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்டால், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆறு வாரம் மதுரையில் அறை எடுத்துத் தங்க ஆகும் செலவோடு, துணைக்கு ஒருவர் வேலையை விடுவதையும் சேர்த்தால் வரும் தொகையில், வாரம் ஒரு முறை இணையவழி உளசிகிச்சை எத்தனை மாதத்துக்கு வரும்?


கேள்வி கேட்டவர்: காரைக்குடிப் பக்கத்து அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. மையத்தில் விசாரித்தேன். கவுன்சலிங் என்பது வாரத்துக்கு அரை மணி நேரம், உளவியலில் முதுகலை படித்த ஒருவர் தருகிறார், 30 சிட்டிங் முடிவதோடு அதுவும் முடிந்துவிடும். டிபிடி என்ற பெயர் அங்கே வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியவில்லை. "இரட்டிப்பு" எந்த ஆய்விலிருந்து வந்தது என்று கேட்டதற்கு, எங்கள் அனுபவம் என்றார்கள்.

தங்கையிடம் தனியாகப் பேசினேன். இந்தப் பக்கத்தை அவளே முழுவதும் படித்துவிட்டாள். தலையில் கருவி வைப்பதில் அவளுக்கு அச்சமில்லையாம். தினமும் துணைக்கு வரும் ஆத்தாவோடு போக வர நான்கு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருப்பதுதான் தாங்காது என்றாள். காலையில் எழுகிறாள், ஓரளவு சாப்பிடுகிறாள், பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் வேலையும் பார்க்கிறாள், அதனால் மனச்சோர்வு உளவியலாளர் சொன்ன கடுமையான நிலையில் இல்லை என்றே நினைக்கிறேன். அவள் கேட்கச் சொன்ன கேள்வி இது: டிபிடியைத் தமிழில், இணையவழியில் பெற முடியுமா? வீட்டில் தனியறையிலிருந்து பேசினாலும் வளவில் கேட்குமே, அதற்கு என்ன செய்வது?


பதில்: திருச்சி உளவியலாளர்

நல்ல கேள்விகள், கேட்டவரிடம் சொல்லுங்கள். தமிழில் நடத்துபவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். தனிச்சந்திப்பை இணையத்தில் நடத்துவதில் எனக்குச் சிக்கல் இருந்ததில்லை. குழு வகுப்பில் மட்டும் முகம் காட்டத் தயங்குவார்கள், சில வாரம் பொறுக்க வேண்டும். முழு டிபிடி கிடைக்காவிட்டால் திறன் பயிற்சி வகுப்பும் ஒரு தனிச் சிகிச்சையாளரும் கிடைத்தாலே தொடங்கிவிடலாம். தொடங்கும்போதே நெருக்கடித் திட்டம் ஒன்றை எழுதி, அருகிலுள்ள மருத்துவர் ஒருவருடைய பெயரையும் அதில் சேர்த்துவிட வேண்டும். தொலைவிலிருந்து நடத்தும் சிகிச்சைக்கு இது கட்டாயம்.

காதில் விழும் சிக்கல் புதிதில்லை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பலர் காரை ஊருக்கு வெளியே நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கார் இல்லாவிட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆத்தாவைக் கோயிலுக்கோ கடைக்கோ அழைத்துப் போகும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் ஒலிப்பானும், கதவருகே ஓடும் மின்விசிறியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தூண்டலை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. மூன்று நான்கு மாதம் வகுப்புக்குப் போன பிறகும் மனச்சோர்வு அவரை முன்னேற விடாமல் இழுத்தால், அப்போது தூண்டலைச் சேர்ப்பதைப் பற்றி அவருடைய சிகிச்சையாளரும் மனநல மருத்துவரும் ஒன்றாகப் பேசி முடிவெடுக்கட்டும்.


பதில்: தேவகோட்டை மருத்துவர்

ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கூடுதலாக: இப்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். அவற்றின் பட்டியலோடு மதுரை மருத்துவரையே ஒருமுறை பார்த்து, இந்தத் திட்டத்தைச் சொல்லி, எதைத் தொடர்வது, எதை மெல்லக் குறைப்பது என்று கேளுங்கள். அப்பச்சியையும் அழைத்துப் போங்கள், ஷாக் பற்றிய கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.